ரிப்போர்ட்டில் பாஸ், மூடியில் பூசணம்

கேள்வி: வணக்கம் மேடம். இரண்டு வருடமாக வீட்டிலேயே கற்றாழை ஜெல் செய்து, தெரிந்தவர்களுக்கும் இன்ஸ்டாகிராம் மூலமாகவும் விற்கிறேன். தோட்டத்துக் கற்றாழையை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, சூடாக்கி, பன்னீர், கிளிசரின், கெட்டியாக்கும் கார்போமர் தூள் சேர்த்து, டி.இ.ஏ. என்ற காரம் விட்டு ஜெல்லாக்குவேன். கெடாமல் இருக்க சோடியம் பென்சோயேட் அரை சதவீதமும் விட்டமின் ஈ-யும் போடுகிறேன். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். பேப்பரில் ஆறரை காட்டும். கிருமி போகாது என்பதற்காகச் சூட்டோடு டப்பாவில் ஊற்றி உடனே மூடிவிடுவேன். போன மாதம் ஒரு லேபில் கொடுத்தேன். 'ஈஸ்ட், மோல்டு எண்ணிக்கை: கிராமுக்கு 10க்கும் குறைவு' என்று ரிப்போர்ட் வந்தது. அதே பேட்ச்சில் வாங்கிய ஒருவர் மூன்று வாரம் கழித்து போட்டோ அனுப்பியிருக்கிறார். மூடியின் உள்பக்கமும் ஜெல்லின் ஓரத்திலும் பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள். டப்பாவைத் திருப்பியும் அனுப்பிவிட்டார். லேப்காரர்கள் சும்மா எழுதிக் கொடுத்துவிட்டார்களா? பென்சோயேட்டை இரண்டு மடங்காக்கட்டுமா? இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியைப் பூசலாமா என்று இன்னொரு வாடிக்கையாளர் கேட்கிறார், என்ன சொல்லட்டும்?
— ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விதான் அவசரம், அதிலிருந்தே தொடங்குகிறேன். வழித்து எறிந்துவிட்டுப் பூசச் சொல்லாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புள்ளி பூஞ்சையின் விதை விட்ட பகுதி மட்டும்தான். அதன் நூல் போன்ற வேர்ப்பகுதி ஜெல்லுக்குள் இறங்கியிருக்கும், அது நிறமில்லாதது, தெரியாது. நல்ல தோல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பது உண்மை. ஆனால் உங்கள் ஜெல்லை யார் யார் பூசுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கரப்பான், சொறி உள்ள தோலில், ஷேவிங் செய்த வெட்டில், கைக்குழந்தைக்கு, கண்ணோரத்தில், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு, இப்படி யாராவது ஒருவர் இருப்பார். அந்த பேட்ச் வாங்கிய எல்லோருக்கும் இன்றே ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: பூசுவதை நிறுத்துங்கள், மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், பணம் திருப்பித் தருகிறேன் என்று. வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் இப்படிச் சொன்னவர்களிடம்தான் மறுபடி வாங்குவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

சரி, லேப் விஷயத்துக்கு வருவோம். அவர்கள் சும்மா எழுதிக் கொடுத்திருக்க வாய்ப்பு குறைவு. 'கிராமுக்கு 10க்கும் குறைவு' என்ற வரி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும்.

லேபில் நாங்கள் உங்கள் டப்பாவிலிருந்து 10 கிராம் ஜெல் எடுப்போம். அதை 90 மில்லி கரைசலில் கலக்குவோம். அந்தக் கலவையில் ஒரு மில்லியைப் பெட்ரி தட்டில் விட்டு, உருக்கி ஆறவைத்த ஊடகத்தை, அதாவது கிருமி வளர்வதற்கான சாப்பாட்டுக் கூழை, அதன்மேல் ஊற்றுவோம். தொட்டால் பொறுக்கிற சூடு, 48 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, போனால் கிருமியை நாமே அவித்துவிடுவோம். ஈஸ்ட்டுக்கும் பூஞ்சைக்கும் ஊற்றுவது சபூரோ ஊடகம், பாக்டீரியா வளராமலிருக்க அதில் குளோரம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் சேர்த்திருக்கும். ரேமோன் சபூரோ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் பெயர் அது. தலையில் வரும் படர்தாமரையை ஆராய்ந்தவர். எங்கள் லேப்களில் எல்லோரும் 'சபராட்' என்றுதான் சொல்வோம், நீங்கள் போன் செய்து சபூரோ என்றால் யாருக்கும் புரியாது. பிறகு தட்டை 25 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாள் வைப்போம். நம்மூர் வெயிலில் 25 டிகிரி வேண்டுமென்றால் குளிரூட்டும் இன்குபேட்டர் வேண்டும், பி.ஓ.டி. இன்குபேட்டர் என்பார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் தட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். ஈஸ்ட் என்றால் வெண்ணெய்ப் பொட்டு வைத்த மாதிரி வழவழவென்று இருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் முதலில் வெள்ளைப் பஞ்சாக வந்து, மறுநாள் மேலே மிளகுத்தூள் தூவியது போல ஆகிவிடும். பெனிசிலியம் சாம்பல் கலந்த பச்சை, ஓரத்தில் வெள்ளை வளையம். ரைசோபஸ் வந்துவிட்டால் போச்சு, ஒரே ராத்திரியில் தட்டு முழுக்கப் பஞ்சு படர்ந்து மற்றதையெல்லாம் மூடிவிடும். அதற்காகத்தான் ஐந்தாம் நாள் மட்டும் திறந்து பார்க்காமல் மூன்றாம் நாளே எண்ணிக் குறித்துக்கொள்வது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 10 கிராமை 90 மில்லியில் கலந்து அதில் ஒரு மில்லி எடுத்தால், அதில் இருக்கும் உங்கள் ஜெல் 0.1 கிராம். சுமார் இரண்டு சொட்டு. அந்த இரண்டு சொட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை என்றால், கிராமுக்கு 'பூஜ்யம்' என்று எழுத எங்களுக்கு உரிமை கிடையாது. 10க்கும் குறைவு என்றுதான் எழுத முடியும். அதாவது நூறு கிராம் டப்பாவில் இரண்டு சொட்டைப் பார்த்து, அன்றைய தேதியில், அந்த இடத்தில், ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பூஞ்சையோ பாலில் சர்க்கரை மாதிரி ஒரே சீராகக் கலந்திருக்காது. ஓரத்தில் ஒரு புள்ளி, மூடியில் ஒரு புள்ளி என்று உட்கார்ந்திருக்கும். நடுவிலிருந்து ஸ்பேட்டுலாவால் எடுத்தவருக்கு அது அகப்படாது.

எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 17516 என்ற சர்வதேசத் தரத்தின்படி பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை எல்லாம் சேர்த்து கிராமுக்கு 1000 வரை போகலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருள், கண்ணோரம் பூசுவது, வாய் போன்ற ஈரத்தோலில் படுவது என்றால் 100. இதுபோக கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட்டும் மூன்று பாக்டீரியாக்களும் ஒரு கிராமில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. உங்களுடையது 10க்கும் குறைவு என்பதால் தாராளமாகப் பாஸ். சோதித்த அன்று.

லேபைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "என் ஜெல்லில் உள்ள பிரிசர்வேட்டிவை நியூட்ரலைஸ் செய்தீர்களா? அதைச் சரிபார்த்தீர்களா?" இது ஏன் என்றால், ஜெல்லோடு சேர்ந்து அதிலுள்ள பிரிசர்வேட்டிவும், அதாவது கெடாமல் காக்கும் பென்சோயேட்டும், தட்டுக்கு வந்துவிடும். அங்கேயும் அது தன் வேலையைச் செய்யும், பூஞ்சையை முளைக்க விடாது. தட்டு சுத்தமாகத் தெரியும். பூஞ்சை செத்துப்போகவில்லை, தூங்குகிறது, அவ்வளவுதான். அதனால் கலக்கும் கரைசலிலேயே லெசிதின், பாலிசார்பேட் 80 மாதிரி பொருள்களைப் போட்டு பிரிசர்வேட்டிவின் வாயைக் கட்ட வேண்டும். கட்டியாயிற்றா என்று பார்க்க, எண்ணிக்கை தெரிந்த கேண்டிடாவை வேண்டுமென்றே அந்தக் கலவையில் விட்டு, பாதியாவது திரும்ப முளைக்கிறதா என்று பார்ப்போம். ஐ.எஸ்.ஓ. 16212 என்ற ஈஸ்ட், பூஞ்சை எண்ணும் முறையில் இந்தச் சரிபார்ப்பு ஒரு பகுதி. கட்டணத்தைக் குறைக்க இதை விட்டுவிடுகிற இடங்கள் உண்டு.

நானே இதில் அடிபட்டவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முகக் கிரீம், தட்டுகள் அத்தனையும் கண்ணாடி மாதிரி. சந்தோஷமாகக் கையெழுத்துக்கு நீட்டினேன். என் மேலதிகாரி ஒன்றும் சொல்லாமல், சுத்தமாக இருந்த அதே தட்டின் மேல் கேண்டிடாவைத் தீற்றி இன்குபேட்டரில் வைக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதுவும் முளைக்கவில்லை. தட்டில் எதைப் போட்டிருந்தாலும் முளைத்திருக்காது. அன்றிலிருந்து ரொம்பச் சுத்தமான தட்டைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும்.

உங்கள் விஷயத்தில் லேப் அந்தச் சரிபார்ப்பைச் செய்திருந்தாலும் ரிப்போர்ட் அதேதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் கடிதத்தில் நீங்களே இரண்டு காரணங்களை எழுதியிருக்கிறீர்கள்.

முதல் காரணம் மூடி. சூட்டோடு ஊற்றி உடனே மூடுகிறேன் என்கிறீர்கள். ஜாமுக்கு அது சரி. கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள், அதில் சர்க்கரையும் அமிலமும் நிறைய. ஜெல்லுக்கு அது ஆகாது. சூடான ரசத்தை மூடி வைத்தால் மூடி வியர்க்கும், பார்த்திருப்பீர்கள். அதே வியர்வைதான் உங்கள் டப்பா மூடியிலும் கோத்து நிற்கிறது. அது ஆவியாகி ஒட்டிய வெறும் தண்ணீர், அதில் பென்சோயேட் ஒரு துளிகூட இல்லை. பென்சோயேட் ஆவியோடு ஏறாமல் கீழே ஜெல்லிலேயே நின்றுவிடும். அந்தத் துளி சொட்டி ஜெல்லின் மேல் விழும்போது, மேற்பரப்பில் மெல்லிய ஒரு படலம் நீர்த்துப்போகும். பூஞ்சைக்குக் காற்று வேண்டும், ஈரம் வேண்டும், பிரிசர்வேட்டிவ் இல்லாத இடம் வேண்டும். மூடிக்கும் ஜெல்லுக்கும் நடுவில் அது மூன்றும் கிடைக்கிறது. புள்ளிகள் மூடியிலும் ஓரத்திலும் வந்திருக்கின்றன என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு இதுதான் தோன்றியது.

மூடிக்குள் வட்டமாக ஓர் அட்டையோ ஸ்பாஞ்சோ இருக்கிறதா? அதை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். அதன் பின்பக்கம் கறுத்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். டப்பாக்களைக் கழுவிவிட்டு முழுதாகக் காய்வதற்குள் நிரப்புகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஜெல்லை மூடாமல் ஆறவிட்டால் காற்றில் உள்ள பூஞ்சை விழுமே என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான். செய்த பாத்திரத்திலேயே, சுத்தமான துணியைப் பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி, அறைச் சூட்டுக்கு ஆறவிடுங்கள். பிறகு டப்பாவில் ஊற்றி மூடுங்கள். ஃபேன் வேண்டாம். அந்த நேரத்தில் அடுக்களையில் மாவு சலிக்கவோ, தோசை மாவு வழிக்கவோ, ஈரத்துணி உலர்த்தவோ கூடாது. புளித்த மாவில் ஈஸ்ட் கொழிக்கும், ஈரத்துணி காயும் அறையில் பூஞ்சை விதை பறந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் பெரியது. பி.எச். ஆறரை. இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்.

சோடியம் பென்சோயேட் நேரடியாகப் பூஞ்சையைத் தாக்குவதில்லை. தண்ணீரில் அது இரண்டு உருவத்தில் இருக்கும். உப்பு உருவத்தால் பூஞ்சையின் சவ்வைத் தாண்ட முடியாது. பென்சாயிக் அமிலமாக இருக்கும் பகுதிதான் உள்ளே நுழைந்து வேலை செய்யும். எவ்வளவு அமிலமாக இருக்கும் என்பதைப் பி.எச். முடிவு செய்கிறது. 4.2ல் சரிபாதி அமிலம். 4.5ல் மூன்றில் ஒரு பங்கு. 5ல் நூறில் பதினாலு. உங்கள் ஆறரையில் நூறில் அரை. ஆமாம், இருநூறில் ஒரு பங்கு. நீங்கள் போட்ட அரை சதவீத பென்சோயேட்டில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இதனால்தான் இரண்டு மடங்காக்கினாலும் பலனில்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதை இரட்டிப்பாக்கினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பி.எச்.சை ஆறரையிலிருந்து நாலரைக்கு இறக்கினால், ஒரு கிராம்கூடக் கூட்டாமலே வேலை செய்யும் பகுதி அறுபது மடங்குக்கு மேல் ஏறும். தவிர, ஐரோப்பிய விதிகளில் பூசிவிட்டுக் கழுவாத பொருள்களுக்கு, பென்சாயிக் அமிலமாகக் கணக்கிட்டு 0.5 சதவீதம்தான் உச்சவரம்பு. இரண்டு மடங்கு போட்டால் அதையும் தாண்டிவிடுவீர்கள், சிலருக்கு எரிச்சலும் வரும்.

பி.எச்.சை ஏன் ஆறரைக்கு ஏற்றினீர்கள் என்பதும் தெரிகிறது. கார்போமர் கெட்டியாக வேண்டுமென்றால் டி.இ.ஏ. விட்டுத்தான் ஆக வேண்டும். இப்போது அதில் சிட்ரிக் அமிலத்தை விட்டால் ஜெல் நீராக ஓடிவிடும். ஆக, கார்போமரை விட்டுவிட்டு சாந்தன் கம்முக்கு மாறுங்கள். அது அமிலத்தில் நிற்கும். பார்வைக்குக் கார்போமர் அளவு பளபளப்பு இருக்காது, கொஞ்சம் இழுக்கும், வாடிக்கையாளர்கள் முதலில் முனகுவார்கள். பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 4.5க்குக் கொண்டுவாருங்கள். தோலின் இயல்பான பி.எச்.சும் ஐந்துக்குப் பக்கம்தான், பயப்பட வேண்டாம். பேப்பரை நம்பாமல் ஒரு பி.எச். மீட்டர் வாங்குங்கள், கூடவே 4, 7 பஃபர் கரைசலும் வாங்கி, ஒவ்வொரு முறையும் மீட்டரைச் சரிசெய்த பிறகே அளவெடுங்கள். பென்சோயேட்டோடு பொட்டாசியம் சார்பேட்டையும் சேர்ப்பது வழக்கம், இரண்டும் அமிலத்தில்தான் வேலை செய்யும். பாக்டீரியாவுக்கும் சேர்த்துக் காவல் வேண்டும் என்றால் ஃபினாக்சிஎத்தனால், அது ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது.

விட்டமின் ஈ பற்றி ஒரு வார்த்தை. அது எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் பார்த்துக்கொள்ளும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. "இயற்கைப் பிரிசர்வேட்டிவ்" என்று அதை விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. வேப்பிலைச் சாறு, மஞ்சள் கதையும் அப்படித்தான். மஞ்சள் கிழங்கை ஈரத்தில் போட்டுப் பாருங்கள், அதன் மேலேயே பூசணம் பூக்கும்.

எந்தப் பொருளுக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை நம் வீட்டு அலமாரியே சொல்லிக் கொடுத்துவிடும். தேன் கெடுவதில்லை. அதில் தண்ணீர் இல்லாமலில்லை, சர்க்கரை அந்தத் தண்ணீரை இறுக்கிப் பிடித்துவைத்திருக்கிறது. அதே தேனில் ஒரு கரண்டி தண்ணீர் கலந்து வையுங்கள், நாலு நாளில் நுரைக்கும். ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி போட்டால் பாட்டி ஏன் சத்தம் போட்டார்? அந்த ஈரம் பட்ட இடத்தில் உப்பின் பிடி தளர்ந்துவிடும், வெள்ளையாகப் படியும். பூஞ்சைக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது பெரிதில்லை, அதற்குக் கிடைக்கிற தண்ணீர் எவ்வளவு என்பதுதான் கணக்கு. இதை 'வாட்டர் ஆக்டிவிட்டி' என்ற எண்ணால் அளப்போம். சுத்தமான தண்ணீர் 1. பெரும்பாலான பாக்டீரியா 0.9க்குக் கீழே திணறும். பூஞ்சைகள் இன்னும் கீழே தாங்கும், 0.6க்குக் கீழே எதுவும் வளராது. தண்ணீரே சேராத எண்ணெய், லிப் பாம், விளக்கெண்ணெயில் குழைத்த மை எல்லாம் இந்த வகையில் பத்திரம், ஈரக்கை படாதவரை. உங்கள் கற்றாழை ஜெல்லோ கிட்டத்தட்ட 1லேயே நிற்கிறது. அதிலும் புதுக் கற்றாழைச் சாறு, பூஞ்சைக்குச் சர்க்கரைச் சாப்பாடு.

இப்போது ரிப்போர்ட் சொல்லாமல் விட்ட விஷயம். நீங்கள் செய்துகொண்டது எண்ணிக்கைச் சோதனை. அது இன்று என்ன இருக்கிறது என்று பார்க்கும். நாளைக்கு ஒரு விரல் உள்ளே போனால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு 'சேலஞ்ச் டெஸ்ட்' என்று தனியாக இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 11930 அதற்கான முறை. உங்கள் ஜெல்லுக்குள் நாங்களே கிருமியை விடுவோம்: மூன்று வகை பாக்டீரியா, கேண்டிடா ஈஸ்ட், ஆஸ்பர்ஜில்லஸ் பிரசிலியென்சிஸ் பூஞ்சை. ஈஸ்ட்டும் பூஞ்சையும் கிராமுக்குப் பத்தாயிரத்திலிருந்து லட்சம் வரை. பிறகு 7, 14, 28ஆம் நாள்களில் எடுத்து எண்ணுவோம். ஈஸ்ட் ஏழு நாளில் பத்தில் ஒன்றாகக் குறைந்து, பிறகு ஏறாமல் இருக்க வேண்டும். பூஞ்சை விதைகள் கெட்டி என்பதால் அதற்குக் கொஞ்சம் சலுகை: பதினாலாம் நாள் ஏறாமல் இருந்தால் போதும், இருபத்தெட்டாம் நாளுக்குள் பத்தில் ஒன்றாக வேண்டும். உங்கள் பழைய ஜெல்லுக்கு இந்தச் சோதனை செய்தால் முதலில் பெயிலாவது பூஞ்சைதான், பந்தயம் கட்டுகிறேன்.

மூடிய பாட்டிலில் சுத்தம், திறந்த பாட்டிலில் ஆபத்து என்பது பெரிய கம்பெனிகளுக்கும் நடந்திருக்கிறது. 2006ல் ஒரு கான்டாக்ட் லென்ஸ் கரைசல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அழகுசாதனம் இல்லைதான், ஆனாலும் பாடம் ஒன்றே. சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்காவில் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு பியூசேரியம் என்ற பூஞ்சை கருவிழியில் இறங்கியது. அமெரிக்காவில் மட்டும் இந்தத் தொற்று 164 பேருக்கு உறுதியானது, எல்லோரும் அந்தக் கரைசலைப் பயன்படுத்தியவர்கள் இல்லை; சிலருக்குக் கருவிழி மாற்ற வேண்டியதாயிற்று. அதிகாரிகள் தொழிற்சாலையைச் சோதித்தார்கள், கிடங்கைச் சோதித்தார்கள், திறக்காத பாட்டில்களைச் சோதித்தார்கள். எங்கேயும் அந்தப் பூஞ்சை அகப்படவில்லை. புழக்கத்துக்கு வந்த பிறகு கரைசல் பூஞ்சையைத் தடுக்கவில்லை. எண்ணிக்கைச் சோதனை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் எந்த பேட்ச்சையும் யாரும் நிறுத்தியிருக்க முடியாது.

சேலஞ்ச் டெஸ்ட்டுக்கு எண்ணிக்கைச் சோதனையைவிடச் செலவு அதிகம், ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் வேண்டாம். செய்முறை மாறும்போது ஒருமுறை செய்தால் போதும். கார்போமரை மாற்றி, பி.எச்.சை இறக்கி, நிறுத்திப் பார்த்து, இதுதான் இனி என்று முடிவான பிறகு கொடுங்கள். இப்போதே கொடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? தட்டில் வளர்த்துப் பார்க்காதீர்கள். ஆன்லைனில் ரெடிமேட் தட்டும் ஊடகமும் விற்கிறார்கள், தெரியும். அடுக்களையில் என்ன பூஞ்சை வளர்கிறது என்று தெரியாமல் லட்சக்கணக்கில் வளர்த்து, ஆர்வத்தில் மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்ப்பீர்கள். அந்தத் தட்டை எப்படி அப்புறப்படுத்துவது? எங்களிடம் ஆட்டோகிளேவ் என்ற நீராவியால் கிருமி கொல்லும் கருவி இருக்கிறது, உங்களிடம் குக்கர். 'டிப் ஸ்லைடு' என்று ஒன்று கிடைக்கிறது, ஒரு பக்கம் பாக்டீரியாவுக்கும் மறுபக்கம் பூஞ்சைக்குமான ஊடகம் தடவிய பட்டை. தண்ணீர்த் தொட்டி எப்படி இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்க்க அது ஆகும். பிரிசர்வேட்டிவ் கலந்த ஜெல்லில் முக்கினால், நான் மேலே சொன்ன தூங்கும் தட்டுக் கதைதான்.

இதைவிட உருப்படியான வேலை ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் மூன்று டப்பா எடுத்து வையுங்கள். ஒன்றைத் திறக்கவே வேண்டாம். இன்னொன்றை நீங்களே தினமும் விரலால் எடுத்துப் பூசுங்கள். மூன்றாவதைக் குளியலறை ஜன்னலில் வைத்து, குளித்துவிட்டு வரும் ஒவ்வொருவரையும் ஈரக்கையோடு எடுக்கச் சொல்லுங்கள். தேதி போட்ட நோட்டில் வாரம் ஒருமுறை மூடி எப்படி, வாடை எப்படி, நீர்த்துப் பிரிந்திருக்கிறதா, பி.எச். எவ்வளவு என்று எழுதுங்கள். பி.எச். காரணமில்லாமல் நகர்ந்தால் உள்ளே ஏதோ வாழ்கிறது என்று சந்தேகப்படலாம். வாடையை டப்பாவைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், மூக்கைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். இது லேப் சான்றிதழுக்கு ஈடாகாது, ஆனால் வாடிக்கையாளர் போட்டோ அனுப்புவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். கூடவே அகலவாய் டப்பாவை விட்டு ட்யூபுக்கோ பம்ப் பாட்டிலுக்கோ மாறினால் விரலும் போகாது, மூடியும் வியர்க்காது.

அப்புறம், லைசென்ஸ் பற்றி நீங்கள் எழுதவில்லை. விற்பனைக்காக அழகுசாதனம் செய்வதற்கு 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். வாங்கியிருந்தால் நல்லது. இல்லையென்றால், சேலஞ்ச் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்விட்டு வாருங்கள். லேபைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தியத் தரமான ஐ.எஸ். 14648 அல்லது ஐ.எஸ்.ஓ. 16212 முறைப்படி செய்கிறார்களா, நியூட்ரலைஸர் சரிபார்ப்பு ரிப்போர்ட்டில் வருமா, 25 டிகிரியில் வைக்கிறார்களா என்று மூன்றையும் போனிலேயே கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர்களிடம் கொடுங்கள்.

இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது. மிக்ஸி ஜாரின் அடியில், பிளேடைச் சுற்றி ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். மூடியிலும் ஒன்று இருக்கும். நீங்கள் சாறைச் சூடாக்குவதால் அதிலிருந்து வருவது பெரும்பாலும் செத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் கார்போமர், பன்னீர் எல்லாம் சேர்த்த பிறகு கட்டி உடையவில்லை என்று மறுபடி ஒருமுறை அதே ஜாரில் அடிப்பீர்கள்தானே? முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், கடிதத்தில் எழுத மாட்டார்கள். தேங்காய்ச் சட்னியும் அதே ஜாரில்தான் என்றால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

திரும்பி வந்த அந்த டப்பாவைக் கழுவிவிடாதீர்கள், திறந்து திறந்து எல்லோருக்கும் காட்டவும் வேண்டாம். மூடியை இறுக்கி, ஒரு ஜிப் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, பேட்ச் தேதி எழுதி லேபுக்கு அனுப்புங்கள். மூடி அட்டையிலிருந்தும் ஜெல்லின் ஓரத்திலிருந்தும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே மிக்ஸி வாஷரையும் கழற்றி வேறொரு கவரில் வையுங்கள். கழுவாமல்.

அன்புடன்.